இழைய வளர்ப்புக் கூடங்களும் நுண்ணங்கித் தொற்றும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துக் கிடக்கும் தம்பலகாமக் குடாவிலும் கொட்டியாரக் குடாவிலும் ஆழங்குறைந்த நீரிற் படரும் செம்பாசி ஒன்றுண்டு. கஞ்சிப்பாசி என வழங்கும் இதனைத் தாவரநூலார் கிறாசிலேரியா என்னும் சாதியுள் அடக்குவர். கழுவி, வெயிலில் வெளுத்து, நீரிலிட்டுக் காய்ச்சினால் இது கூழாகும், ஆறியதும் இறுகும். இசுலாமிய இல்லங்களில் நோன்பு காலத்திற் செய்யப்பெறும் கடற்பாசி இனிப்பு இவ்வினத்துப் பாசிகளின் பிசினாலாவதே. கற்பிட்டி, புத்தளம், யாழ்ப்பாணம் ஆகிய கரைகளிலும் இது விளைகின்றது. மேனாட்டு மருத்துவர் இதனை 'இலங்கைப் பாசி' என்று பெயரிட்டு, நோயாளர்க்கேற்ற மென்மையான உணவெனப் போற்றினர். 1840இல் இலண்டனில் இப்பாசியைப் பற்றித் தனி நூலொன்றே வெளிவந்தது. இத்தகைய செம்பாசிகளிலிருந்து பெறப்படும் ஏகார் என்னும் கட்டிப் பொருளின்றி இன்றைய இழைய வளர்ப்புக் கூடம் எதுவும் பெரும்பாலும் இயங்குவதில்லை. செடியின் சிறு துண்டொன்றைக் குப்பியிலிட்டு முழுச் செடியாக்கும் அக்கலையின் வரலாறும், அக்கலையை ஓயாது அலைக்கழிக்கும் நுண்ணங்கித் தொற்றின் வரலாறும் இந்த ஏகாரிலேயே ஒன்றாகத் தொடங்குகின்றன எனலாம்.

ஏகார் ஆய்வுகூடத்தினுட் புகுந்தது சமையற்கூடத்தின் வழியாக. 1881ஆம் ஆண்டில் வால்ற்றர் எசெ என்னும் மருத்துவர் பேர்ளினில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தார். பற்றீரியங்களை வளர்ப்பதற்கு அக்காலத்தில் விலங்கெலும்பிலிருந்து பெறும் செலற்றின் பயன்பட்டது. வேனிற்காலத்து வெப்பத்தில் அது உருகிவிடும்; சில பற்றீரியங்கள் அதனை உண்டே கரைத்துவிடும். எசெயின் மனைவி பானி எசெ பழப்பாகு முதலியவற்றை இறுகச் செய்வதற்கு ஏகாரைக் கையாண்டு வந்தவர். யாவாத் தீவில் வாழ்ந்து மீண்ட ஒல்லாந்தக் குடும்பத்தாரிடம் அதனை அவர் அறிந்திருந்தார். ஏறத்தாழ 85 சதமபாகையிலேயே உருகி, 40 சதமபாகையளவில் இறுகும் அப்பொருள் உடற்சூட்டில் அசையாது நின்றது. கொக் 1882இல் வெளியிட்ட காசநோய்க் கட்டுரையில் ஏகாரைப் பற்றி ஒரு வரி உண்டு. அதனைத் தந்த பெண்ணின் பெயர் இல்லை.

பற்றீரியத்துக்கென அமைந்த இவ்வூணைத் தாவரவியலாரும் பின்னர் மேற்கொண்டனர். இங்கேதான் சிக்கல் எழுகின்றது. பச்சையிலைகளால் ஒளியைக் கொண்டு உணவாக்கும் ஆற்றல் குப்பியிலிட்ட துண்டுக்குப் போதியளவு இல்லை. ஆதலின் அதற்குச் சர்க்கரை ஊட்டவேண்டும். இன்று உலகெங்கும் கையாளப்பெறும் முறாஷிகே, ஸ்கூக் என்போரின் 1962ஆம் ஆண்டு ஊடகத்தில் இலீற்றருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்கின்றது. தாவரத்துக்கு விரித்த இப்பந்தி பற்றீரியத்துக்கும் பங்கசுக்கும் விரித்த பந்தியுமாகும். விருந்தினருள் வேகம் வேறு. நல்வாய்ப்புப் பெற்ற பற்றீரியம் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிளக்கும். அவ்வேகம் நீடித்தால் ஒன்று 6 மணித்தியாலத்தில் 2,62,144 ஆகும். விரைவுக்குப் பெயர்பெற்ற புகையிலைக் கலங்களோ ஒருமுறை பிரிதற்கு அரைநாளளவு எடுக்கும். பிற தாவரங்கள் அதனினும் மந்தமானவை. ஒரே ஒரு வித்தி உட்புகினும் பந்தி யாருக்கு என்பது அப்போதே முடிவாகிவிடுகின்றது. மாரிகாலத்தில் அலுமாரியிலிருந்த தோற்செருப்பிலும் புத்தக அட்டையிலும் பூஞ்சணம் படர்வதைக் கண்ட திருகோணமலையார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வித்தி எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவுக்கு அறிஞர் கூறிய விடை காலந்தோறும் மாறிற்று. முதலிற் காற்றைக் குற்றஞ்சாட்டினர். கொதிக்கவைத்த சாறு தானே உயிரைத் தோற்றுவிக்குமென்ற பழங்கொள்கையை லூயி பாஸ்ரர் 1860களில் வளைகழுத்துக் குடுவைகளால் மறுத்தார். அவரை அடுத்து இலண்டனில் யோன் தின்டல் என்பார் முன்புறம் கண்ணாடி பதித்த பெட்டியொன்றைச் செய்து, உட்சுவரெங்கும் கிளிசரின் பூசி, காற்றிலுள்ள தூசி அதில் ஒட்டிப் படியும்வரை காத்திருந்தார். பெட்டியினூடே ஒளிக்கற்றையொன்றைச் செலுத்தியபோது அதன் பாதை புலப்படாதொழிந்தது. ஒளியைச் சிதறச்செய்யும் துகள் இல்லை என்பதற்கு அதுவே சான்று. அப்பெட்டியுள் திறந்துவைத்த சாறுகள் புளிக்கவில்லை. இக்காலத்துத் தூயகாற்றுப் பெட்டிக்கு இதனையே முன்னோடி என்று கொள்ளலாம்.

தின்டலின் வெற்றி நீடிக்கவில்லை. 1876ஆம் ஆண்டு இறுதியில் அதே முறையிற் செய்த சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன. ஆய்வுகூடத்துட் கொண்டுவரப்பட்ட பழைய வைக்கோலே காரணமென அவர் கண்டார். அதிலிருந்து பறந்த வித்திகள் கட்டடம் முழுவதும் பரவியிருந்தன. பல மணித்தியாலம் கொதிக்கவைத்தும் அவை மாளவில்லை. தின்டல் தம் கருவிகளைத் தூக்கிக்கொண்டு கியூப் பூங்காவில் அவ்வாண்டிலேயே புதிதாகக் கட்டப்பட்ட யொட்றெல் ஆய்வுகூடத்துக்குச் சென்றார். அங்கே சோதனைகள் மீண்டும் செவ்வையாய் நடந்தன. கொதிநீரைத் தாங்கும் வித்திகளைப் பேடினான்ட் கோன் என்னும் சேர்மானியர் அக்காலத்திலேயே விவரித்திருந்தார். தின்டலோ சாற்றைச் சிறிது நேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, முளைத்த வித்திகள் மென்மையுற்ற வேளையில் மீண்டும் கொதிக்கவைக்கும் முறையை 1877இல் வகுத்தார். 1879இல் பாஸ்ரரின் மாணாக்கர் சாம்பர்லண்டு அமைத்த அமுக்கவடுகலன் அவ்வேலையை ஒரே முறையில் முடித்தது. 121 சதமபாகை, 15 நிமிடம் என்னும் கணக்கு இன்றும் மாறவில்லை. ஒரு கூடம் முழுவதும் தொற்றுக்குள்ளாகி, ஆய்வாளர் இடம்பெயர்ந்தாலன்றி மீளவியலாத நிலை இன்றும் நேர்வதுண்டு. தின்டலைப்போலப் புதுக் கட்டடம் வாய்ப்பவர் சிலரே.

யொட்றெல் ஆய்வுகூடத்தோடு தொடர்புடைய மற்றொருவர் இலங்கைக்கே வந்தார். 1869இல் மதுல்சீமைப் பகுதியிற் காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் தோட்டங்களை அழித்துவந்த காலம் அது. அதனை ஆராயுமாறு 1880இல் அனுப்பப்பட்ட மார்சல் வாட் என்னும் இளைஞர் கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிற் காற்றோட்டத்தில் தொங்கவிட்டு, அவற்றில் ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியின்கீழ் எண்ணினார். தின்டல் காற்றைத் தூய்மையாக்கக் கொண்ட பொருளையே வாட் காற்றைச் சாட்சிக்கு இழுக்கக் கொண்டார். நோய் காற்றிற் பரவும் பங்கசின் வித்தியால் வருவது என்பது ஐயமற நிறுவப்பட்டது. கோப்பி பிழைக்கவில்லை. எனினும் இலங்கையின் காற்றில் தாவரத்தை அழிக்கும் நுண்ணங்கி மிதந்து திரிகின்றது என்பதற்குக் கண்கண்ட சான்று அத்தகடுகளிற் கிடைத்தது.

நிற்க. 1902இல் ஹபர்லாந்து என்னும் அறிஞர் இலையிலிருந்து பிரித்த தனிக்கலங்களைக் கண்ணாடிக் கலத்தில் தூய்மையாக வைத்துப் பேணினார். அவை சில வாரங்கள் உயிரோடிருந்தன, பருத்தன, பிரியவில்லை. இழைய வளர்ப்பின் தந்தை என அவர் போற்றப்படுவது அவருடைய வெற்றிக்காக அன்று, கேட்ட கேள்விக்காக. அவருக்குப் பின் வந்தோர்க்குக் காற்றைவிடப் பெரிய இடையூறாக நின்றது தாவரத்தின் புறத்தோல். அதன் மடிப்பிலும் மயிரிலும் குடியிருக்கும் நுண்ணங்கியைக் கொல்லவும் வேண்டும், தாவரம் சாகாதிருக்கவும் வேண்டும். இதற்கு வெளிற்றுந்தூளின் குளோரின் கைகொடுத்தது. முதலாம் உலகப் போரிற் காயங்களைக் கழுவுதற்கு டேக்கின் என்பார் வகுத்த கரைசலும் அவ்வினத்ததே. போர்வீரனின் புண்ணும் விதையின் உறையும் ஒரே மருந்தினாற் கழுவப்பட்டன.

ஓக்கிட்டு விதையின் கதை இவ்விடத்துக் கருதத்தக்கது. மண்துகள்போல் நுண்ணிய அவ்விதையில் உணவுச்சேமிப்பு ஏறத்தாழ இல்லை. பிரான்சு நாட்டு நோயல் பேர்னார், குறித்த பங்கசொன்று உட்புகுந்தாலன்றி அது முளைப்பதில்லை என்று 1899 முதல் விளக்கினார். பங்கசைச் சேர்த்து வளர்த்தால் அது சிலவேளை நாற்றை ஊட்டும், சிலவேளை கொல்லும். அமெரிக்கராகிய லூயிஸ் நட்சன் 1922இல், குளோரினாற் கழுவிய விதையைச் சர்க்கரை சேர்த்த ஏகாரில் இட்டுப் பங்கசின் உதவியின்றியே முளைக்கச்செய்தார். இயற்கையில் துணையாயிருந்த ஒன்று குப்பியிற் பகையாகிறது. அதன் இடத்தைச் சர்க்கரை நிரப்புகிறது. 'தொற்று' என்னும் சொல்லே வளர்ப்பவனின் நோக்கைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

1934இல் பிலிப் வைற் தக்காளி வேர்நுனிகளை எல்லையின்றி வளர்த்துக் காட்டினார். 1939இல் பிரான்சிற் கோத்ரேயும் நொபேகூரும், அமெரிக்காவில் வைற்றும், தனித்தனியே இழையத்திரளைத் தொடர்ந்து வளர்ப்பதில் வெற்றிகண்டனர். 1941இல் வான் ஓவர்பேக்கும் துணைவரும் ஊமத்தை முளையங்களைத் தேங்காயினுள்ளிருக்கும் நீரூட்டி வளர்த்தனர். 1948இல் கப்லின், ஸ்ரூவட் என்போர் அதனையே கரற்று இழையத்துக்கு ஊட்டினர். ஓட்டுக்குள் அடைபட்டுத் தூய்மை கெடாதிருக்கும் தேங்காய் நீர் கீழைநாட்டாருக்குப் புதிதன்று. மேனாட்டார்க்கு அது மருந்தாயிற்று.

இடையே இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஏகாரைப் பெருமளவில் ஆக்கிவந்த நாடு யப்பான். 1941 மார்கழியில் அந்நாடு போரிற் குதித்ததும் நேசநாடுகளின் ஆய்வுகூடங்களுக்கு ஏகார் கிடைப்பது நின்றது. நியூசிலாந்து, அமெரிக்கா, இந்தியா முதலிய நாடுகளில் உள்ளூர்ப் பாசியிலிருந்து அதனை எடுக்கும் முயற்சிகள் விரைந்து நடந்தன. இந்தியாவிற் கிறாசிலேரியாவிலிருந்து ஏகார் செய்யும் முறை 1943இல் வெளியாயிற்று. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிச் சீனன்குடாவின் எண்ணெய்க்குதங்களுக்குத் தீயிட்டபோது, உலகின் ஏகாரை ஆண்ட நாடு ஏகார்ப்பாசி விளையும் குடாவின்மேற் குண்டு வீசிற்று என்பதை எவரும் எண்ணியிரார். இலங்கையின் பாசி வளம் போருக்குப் பின்னரே 1950களில் அரசின் கடற்றொழில் ஆராய்ச்சியாளராற் கணிக்கப்பட்டது. கிறாசிலேரியாவின் ஏகார் இயல்பாக இளகியது. காரத்தாற் பதப்படுத்தினாலே உறுதிபெறும். ஆதலின் ஆய்வுகூடத்து உயர்தர ஏகாருக்கு வேறு பாசிகளே விரும்பப்படுகின்றன.

அப்போர் இழைய வளர்ப்புக்கு மற்றொன்றையும் விட்டுச்சென்றது. அணுகுண்டு ஆக்கிய கூடங்களிற் கதிர்வீசும் தூசியைத் தடுப்பதற்கென நுண்ணிழைகளாலான வடி ஒன்று அமைக்கப்பட்டது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கில் பத்தில் மூன்று அளவான துகளையும் நூற்றுக்கு 99.97 வீதம் மறிக்கும் வடி அது. 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வில்லிஸ் விற்பீல்ட் அவ்வடியினூடாக வரும் காற்றைச் சுழலாது ஒரே திசையிற் சீராகப் பாயச்செய்தார். அப்பாய்ச்சலின்முன் அமர்ந்து செடியை நறுக்குவோர்க்குக் காற்றைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் நீங்கிற்று. தின்டல் கிளிசரினிற் காத்திருந்து பெற்றதை மின்விசிறி நொடியிற் தந்தது.

ஆயினும் குப்பிகள் கெட்டன. காற்றுத் தூயது, ஊடகம் தூயது, கருவி தூயது, புறத்தோலும் கழுவியது. இவ்வளவுக்குப் பிறகும் மாதங்கள் கழித்துச் செடியின் அடியிற் பால்போல் ஒரு படலம் எழும். இதன் விளக்கத்துக்கு வைற்றின் வேர்களிடமே மீளவேண்டும். புகையிலைச் சித்திரவடிவ நோயின் வைரசு அவ்வேர்களிற் பெருகுவதை அவர் 1934இலேயே காட்டியிருந்தார். வளர்ப்போ தெளிவாயிருந்தது, படலமோ நாற்றமோ இல்லை. கண்ணுக்குத் தூய்மையாய்த் தோன்றும் குப்பியும் நோய்க்கு உறைவிடமாகலாம் என்பது அன்றே வெளிப்பட்டது. நுனியிற் வைரசு அரிதென்ற கருத்தும் அவ்வழியே வலுப்பெற்றது. 1952இல் மொறெல், மார்த்தன் என்னும் இருவர் நோயுற்ற தாலியாச் செடியின் உச்சியிலிருந்து மில்லிமீற்றரின் சிறு பங்களவான பிரியிழையத்தை மட்டும் வெட்டி வளர்த்து, நோயற்ற செடியைப் பெற்றனர். கலன் இழையங்கள் இன்னும் சென்றெட்டாத அவ்வுச்சியில் வைரசும் பெரும்பாலும் எட்டுவதில்லை. நோயைத் தாங்கும் கலை நோயை நீக்கும் கலையுமாயிற்று.

பற்றீரியமோ அவ்வளவு எளிதில் விலகவில்லை. 1987இல் அயர்லாந்தின் கோர்க் நகரில் இழைய வளர்ப்பைக் கெடுக்கும் பற்றீரியங்களை மட்டுமே பொருளாகக் கொண்ட பன்னாட்டுக் கருத்தரங்கொன்று கூடிற்று. தாவரத்தினுள் கலங்களுக்கிடையே இயல்பாகவே வாழும் பற்றீரியங்கள் உண்டு. அவற்றுட் பல வழக்கமான ஊடகத்திற் பெருகாது ஆண்டுக்கணக்கிற் பதுங்கியிருக்கும். சூட்டிலோ கையாட்சியிலோ சிறு மாற்றம் நேர்ந்ததும் வெளிப்படும். பெங்களூரை அடுத்த எசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வாழை, பப்பாசி முதலியவற்றின் 'தூய' வளர்ப்புக்களை ஆராய்ந்தபோது, கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியங்கள் அவற்றிற் குடியிருப்பது மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டது. அங்கே வெளிவந்த மற்றொரு முடிபு கூடத்திற் பணிபுரிவோரைத் திடுக்கிடச்செய்வது. இடுக்கியைத் தோய்த்தெடுக்க வைத்திருக்கும் மதுசாரத்திலேயே பசிலசு வித்திகள் நெடுங்காலம் உயிரோடிருக்கும். தீயிற் காட்டாது தோய்த்தலோடு நிறுத்துவோர், தூய்மை செய்வதாய் எண்ணிக் குப்பிதோறும் விதைத்துச் செல்கின்றனர். நுண்ணுயிர்கொல்லி மருந்தை ஊடகத்திற் கலப்பதும் பெரும்பாலும் பற்றீரியத்தை அடக்கிவைப்பதேயன்றி அகற்றுவதன்று. அடங்கிய குப்பி கெட்ட குப்பியினும் கேடானது என்றே கொள்ளவேண்டும்; கெட்டதை எவரும் எறிந்துவிடுவர்.

இத்தீவின் நிலைமை யாது? 1929இல் நிறுவப்பட்டு லுணுவிலையில் இயங்கும் தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் தென்னையின் இழைய வளர்ப்பில் நெடுங்காலம் உழைத்துவருகின்றது. தென்னை பிடிவாதமானது. வாழைபோல் அது குட்டி ஈனாது. அதற்குள்ள ஒரே குருத்தை எடுத்தால் மரம் சாகும். ஆதலின் பாளை விரியுமுன் உள்ளிருக்கும் இளம் பூந்துணர் முதலிய பகுதிகளையே நாடவேண்டியதாயிற்று. முளையம் மட்டும் ஓட்டுக்குள்ளும் பருப்புக்குள்ளும் காவலிருப்பதால் தூய்மையாக எடுத்தற்கு எளிது. ஆனால் அது தாய்மரத்தின் நேர்ப்படியன்று. அந்நிறுவனத்தார் 2007இல், கருவுறாத சூலகத்திலிருந்து நாற்றுப் பெறும் முறையொன்றை வெளியிட்டனர். பூவின் உள்ளடுக்கிற் பொதிந்து கிடக்கும் அவ்வுறுப்பு தாய்மரத்தின் இயல்பையும் தரவல்லது, மரமும் சாவதில்லை.

கமக்காரன் இழைய வளர்ப்பை நேரே சந்திப்பது வாழையிலேயே. இலைகள் உச்சியிற் கொத்தாய்த் திரளும் முடிக்கொத்து நோய் 1913 முதல் இத்தீவிற் பதிவாகியுள்ளது. நோயுற்ற தாயின் குட்டி நோயோடே பிறக்கும். தோற்றத்தால் அதனை இனங்காணல் எப்போதும் இயலாது. சோதித்துத் தேர்ந்த தாயிலிருந்து குப்பியிற் பெருக்கிய நாற்று இதற்குச் சிறந்த மாற்று. சோதியாத தாயாயின் நிலைமை தலைகீழாகும். மாதமொருமுறை நான்காகப் பிரிக்கும் குப்பியொன்று ஆறு மாதத்தில் 4,096 ஆகப் பெருகும். தாயிலிருந்த வைரசும் அத்தனை குப்பியிலும் இருக்கும். கந்தளாயிலோ மூதூரிலோ அந்நாற்றை நட்டவன் ஓராண்டு உழைப்பை இழந்த பின்னரே அதனை அறிவான். பழைய முறையில் அயல்வீட்டுக் குட்டியை வாங்கி நட்டவனுக்கு நேரும் இழப்பு ஒரு தோட்டத்தோடு நிற்கும்.

வாழை வேறொன்றையும் வைத்திருந்தது. வாழைக் கோட்டுநோய் வைரசு நோயற்ற தாயிலிருந்து வளர்த்த நாற்றுக்களிலும் எதிர்பாராது தோன்றி ஆய்வாளரைத் திகைக்கவைத்தது. 1999இல் வெளிவந்த ஆய்வுகள் அதன் மறைவிடத்தைக் காட்டின. மொந்தன் முதலிய வகைகளின் முன்னோருள் ஒன்றாகிய மூசா பல்பிசியானா என்னும் காட்டுவாழையின் நிறமூர்த்தங்களிலேயே அவ்வைரசின் பரம்பரைப்பொருள் பதிந்துகிடக்கின்றது. அம்முன்னோரின் கூறு கலந்த சில கலப்பினங்களில் இழைய வளர்ப்பின் நெருக்கடியே அதனைத் தட்டியெழுப்பிவிடுகின்றது. குளோரினாற் கழுவவோ வடியால் மறிக்கவோ உச்சியை நுணுக்கி வெட்டி விலக்கவோ இயலாத இடம் அது.

பெல்சியத்தின் லூவன் நகரில் 1985 முதல் இயங்கும் பன்னாட்டு வாழைச் சேமிப்பகம் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாழை வகைகளைக் குப்பிகளில் பேணுகின்றது. கேட்கும் நாடுகளுக்கு நாற்றாக அனுப்புகின்றது. அனுப்புமுன் ஒவ்வொரு வகையும் வைரசுகளுக்கெனச் சோதிக்கப்படும். பல்பிசியானாவின் கூறுடைய வகைகள் நெடுங்காலம் தனியே நிறுத்திவைக்கப்பட்டன. ஒரு காலத்தில் துறைமுகத்திற் கப்பலை மறித்து மூட்டையையும் மண்ணையும் சோதித்த தொற்றுத்தடைக் காவலர்க்கு இன்று விமானத்தில் வந்திறங்குவது உள்ளங்கையளவான மூடிய குழாய். அதனுள்ளே ஒரு பச்சைத் துளிரும் தெளிந்த ஏகாரும் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன.